மூன்றாம் தர மகிழ்ச்சி

குழந்தை பிறந்ததிலிருந்து லிஃப்ட்காரரை எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். சந்தோஷமா? அவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார். சந்தோஷம்தான். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்ப்பார், சொன்ன சரக்கு வந்து சேர்கிறதா என்று. வராது. கேட்டவரும் அதற்குள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்.

நகரத்தில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுது பார்ப்பவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். கல்யாணமாகி ரொம்ப வருஷம் பிள்ளை இல்லை. இருவரும் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. கடைசியில் ஒரு பெண் குழந்தை வந்தது. அத்தனை வருஷம் வராமல் இருந்ததற்கு ஈடு கட்டுவதுபோல இரண்டு மாதம் முன்னதாகவே வந்துவிட்டது. பிறந்த உடனே தூக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். உள்ளே போக அம்மாவுக்கு மட்டும் அனுமதி. அப்பா வெளிக் கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்க்கலாம். 'கண்ணாடியைத் தட்டக் கூடாது' என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. குழந்தை வாயைத் திறந்து அழுவது தெரியும், சத்தம் கேட்காது. அவர் பார்த்துக்கொண்டு நிற்பார். எந்த மாடியில் இருக்கிறது என்று காட்டும் விளக்கையே பார்த்துக்கொண்டு லிஃப்டுக்குக் காத்திருப்பவர்கள் எப்படி நிற்பார்களோ அப்படி.

ஒருநாள் மனைவியிடம் மனசை விட்டுச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணுமே தோணல. பயம்கூட இல்ல. எல்லாம் மரத்துப் போச்சு."

"எனக்கு அழுகை நிக்கவே மாட்டேங்குது," என்றாள் அவள். "வீட்டுக்கு ஒருத்தர் அழுதா போதும்னு உங்களை விட்டு வெச்சிருக்கும்."

மனைவியின் அண்ணன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். அவர்தான் யாரிடமோ கொடுத்து அந்தச் சுருட்டை அனுப்பிவைத்தார். பளபளக்கும் அலுமினியக் குழாய்க்குள் ஒற்றைச் சுருட்டு, கழுத்தில் தங்க நிறக் காகித வளையம். போனில் விளக்கமும் வந்தது. இது சாதாரணச் சரக்கு இல்லை, கியூபாவிலிருந்து வந்தது, கப்பல் கேப்டன்கூடத் தன் மகள் பிறந்த அன்றைக்குத்தான் ஒன்று பிடித்தாராம். "பிடிச்சு முடிக்கிறப்பதான் அவருக்கு அப்பா ஆன மாதிரியே இருந்துச்சாம், மாப்பிள்ளை. பாப்பா வீட்டுக்கு வர்ற அன்னைக்கு நீங்களும் பிடிங்க."

லிஃப்ட்காரர் வாழ்க்கையில் ஒரு பீடிகூடப் பிடித்ததில்லை. ஆனாலும் கேப்டனுக்கு வந்தது நமக்கும் வந்தாலும் வரலாம் என்று தோன்றியது. மனைவியும் தடுக்கவில்லை. "பிடிச்சுட்டாவது வாங்க. உங்க மூஞ்சி மூடின லிஃப்ட் கதவு மாதிரியே இருக்கு. பாப்பா முதமுதல்ல அதைப் பார்க்க வேணாம்," என்றாள்.

எங்கே பிடிப்பது என்பதுதான் சிக்கல். தெருவில் பிடித்தால் குற்றம். பூங்காவில் குற்றம். மொட்டை மாடியில் பிடிக்கலாம் என்றால் குடியிருப்போர் சங்கம் அங்கே துணி காயப்போடுவதையே தடை செய்திருந்தது. நகரத்தில் சட்டம் கண்ணை மூடிக்கொண்ட இடம் ஒன்றே ஒன்று: புகைச் சுவைஞர் மன்றம். ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்ட் நம்மவர் கையில்தான் இருந்தது என்பதால் வழி தெரியும். அங்கே வருகிறவர்களைச் சுருட்டுப் பிடிப்பவர்கள் என்று சொல்லக் கூடாது. சொன்னால் வருத்தப்படுவார்கள். சுவைஞர்கள்.

மன்றத்தின் செயலாளர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு குழாயைத் திறந்தார். பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு காதருகே கொண்டுபோய் இரண்டு விரலால் மெல்ல அழுத்திக் கேட்டார்.

"எதுல கொண்டு வந்தீங்க?"

"பையில சார். ஸ்பானர் பை."

செயலாளர் கையுறையைக் கழற்றிவிட்டு, அவர் தோளில் கை வைத்தார்.

"நேரடியாவே சொல்லிடுறேன். ரொம்ப பலவீனமா இருக்கு. கடல் பயணம், உள்ள ஈரமே இல்ல. இப்போ பத்த வெச்சா தாங்காது. அட்மிட் பண்ணிடலாம்."

அட்மிட் பண்ணினார்கள். கண்ணாடி அறை ஒன்று இருந்தது. அதற்குள் தேவதாரு மரத் தட்டுகள், வெப்பத்துக்கு ஒரு கருவி, ஈரத்துக்கு ஒரு கருவி, கரண்ட் போனால் பிடித்துக்கொள்ள இன்னொரு கருவி. சுருட்டுக்கு ஒரு அட்டை கட்டி, தட்டில் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். எப்போது வந்து பார்க்கலாம் என்று லிஃப்ட்காரர் கேட்டார். சாயங்காலத்தில் வரலாம், வெளியிலிருந்து பார்க்கலாம், கண்ணாடியைத் தட்டக் கூடாது என்றார்கள்.

அன்றிலிருந்து காலையில் ஆஸ்பத்திரிக் கண்ணாடி, பகலில் வேலை, சாயங்காலம் மன்றத்துக் கண்ணாடி. கவனிப்பைச் சொல்ல வேண்டுமானால் மன்றத்தில்தான் ஒரு படி மேல். ஆஸ்பத்திரியில் ஒரே நர்ஸ் எல்லாப் பெட்டிகளையும் பார்த்துக்கொண்டு பறந்துகொண்டிருந்தார், ஏதாவது கேட்டால் "இருக்குறா, நல்லா இருக்குறா" என்று ஓட்டமாகவே பதில் வரும். மன்றத்தில் உதவியாளர் ஒருவர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, இன்று நிறம் கொஞ்சம் தேறியிருக்கிறது, தோல் மினுமினுக்கிறது, ராத்திரி அமைதியாக இருந்தது என்று நிதானமாகச் சொல்வார். லிஃப்ட்காரர் ஒருமுறை குழப்பத்தில் எடை கூடியிருக்கிறதா என்று கேட்டுவிட்டார். உதவியாளர் சிரிக்கவில்லை. உள்ளே போய் எடை போட்டுவிட்டு வந்து கூடியிருக்கிறது என்றார்.

சுருட்டு தேறும் வரை சும்மா இருக்கவும் விடவில்லை. புதியவர்களுக்குப் பயிற்சி வகுப்பு உண்டு. நடத்தியவர் ஓய்வுபெற்ற நீதிபதி. வகுப்பில் சுருட்டுக்குப் பதில் பென்சில். லிஃப்ட்காரர் அதை ஸ்பானர் பிடிப்பதுபோலப் பிடித்தார் என்று பல நாள் பிடிப்பதையே கற்றுக்கொடுத்தார்கள். இழுப்புக்குப் போகவே இல்லை. அவசரப்படக் கூடாது என்பதுதான் முதல் பாடம் என்றார் நீதிபதி.

"நான் என் சர்வீஸ்ல ஒரு தீர்ப்புகூட அவசரப்பட்டுச் சொன்னதில்ல. உள்ள இருந்தவங்க பாதிப் பேர் தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டாங்க. ஆனா தீர்ப்பு ஒவ்வொண்ணும் அவ்வளவு பக்குவமா வந்துச்சு."

வகுப்பில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். லிஃப்ட்காரரும் பென்சிலை வாயில் வைத்தபடி தலையாட்டினார்.

அடுத்தது நிகழ்வுத் தகுதிக் குழு. எந்த மகிழ்ச்சிக்காகச் சுருட்டுப் பிடிக்கப்படுகிறதோ அந்த மகிழ்ச்சியின் தரத்தை இவர்கள் நிர்ணயிப்பார்கள். நீண்ட மேசை. நடுவில் தலைவர், ஒரு பெரிய கம்பெனிக்கு முதலாளி. ஒரு பக்கம் நீதிபதி, இன்னொரு பக்கம் ஒரு நெஞ்சு டாக்டர், அவரும் சுவைஞர்தான். லிஃப்ட்காரர் தன் மகளைப் பற்றிச் சொன்னார். தலைவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு விளக்கினார். மன்றத்திலேயே பதவி கிடைப்பது முதல் தரம். வெளியில் விருது, வெற்றி, வழக்கில் ஜெயிப்பது எல்லாம் இரண்டாம் தரம்.

"குழந்தை பிறக்குறது நல்ல விஷயம்தான், நான் இல்லேன்னு சொல்லல," என்றார். "ஆனா அது யாருக்கு வேணா நடந்துடுது. அதனால மூணாம் தரம்."

லிஃப்ட்காரருக்கு அதில் ஆட்சேபணை இல்லை. எந்தத் தரமாக இருந்தாலும் வந்தால் போதும் என்று நினைத்தார். செயலாளர் எழுந்து மூன்றாம் தரத்துக்கான விதிகளைக் கடகடவென்று வாசித்தார். மூத்தவர் வரிசை, நிகழ்வுக்குரியவர் இறுதியில் என்று என்னவோ வந்தது. அப்போது ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு மூக்கில் போட்டிருந்த குழாயை எடுத்திருப்பார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தவர், எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவைத்தார்.

கடைசியில் தலைவர் சம்பிரதாயத்துக்காக ஒன்று கேட்டார்.

"சந்தோஷமா இருக்கீங்கல்ல?"

இத்தனை நாளும் இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லி அலுத்துப்போயிருந்தது. இவ்வளவு பெரிய மனிதர்கள் தன் மகிழ்ச்சியைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியிருக்கிறார்களே, இவர்களிடமாவது உண்மையைச் சொல்லலாம் என்று தோன்றியது.

"தெரியல சார்."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைவர் கோபப்படவில்லை, வருத்தம்தான் பட்டார்.

"இந்த மேசையில இதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்லைங்க. என் கம்பெனியில பாதிப் பேரை ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்பினேன். அன்னைக்குச் சாயங்காலம் இங்கதான் வந்து ஒண்ணு பிடிச்சேன். அன்னைக்குக்கூட என் சந்தோஷத்துல ஒரு குறை இருந்ததில்ல."

புதியவர் என்பதால் மன்னித்து, மூன்றாம் தரத்திலேயே விட்டுவைத்தார்கள்.

இரண்டு டிஸ்சார்ஜும் ஒரே நாளில் வந்தன. குழந்தையை மதியம் வீட்டுக்கு அனுப்புவதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சுருட்டு முழுசாகத் தேறிவிட்டது, காலையில் விழா என்று மன்றத்தில் சொன்னார்கள். காலையில் சுருட்டு, அப்புறம் வீட்டில் ஒரு குளியல், மதியம் குழந்தை. கச்சிதமாகத்தான் இருந்தது. மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நேரத்துக்கு வந்துடுங்க. பெட்டியில இருந்த குழந்தைங்களை அனுப்புறப்போ அப்பா கையிலதான் குடுப்பாங்களாம். இத்தனை நாள் தொடாம இருந்தவருன்னு அந்த நர்ஸம்மா ஒரு வழக்கமா வெச்சிருக்காங்க."

லிஃப்ட்காரர் தன்னிடமிருந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு மன்றத்துக்குப் போனார். சுவைஞர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். சுருட்டு வெல்வெட் தட்டில் இருந்தது. தலைவரை மட்டும் காணோம். அவர் இல்லாமல் பற்றவைக்க விதியில் இடமில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு கீழேயிருந்து மணிச் சத்தம் கேட்டது. லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. உள்ளே தலைவர்.

எல்லோரும் லிஃப்ட்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். கதவைக் கொஞ்சம் நெம்பித் திறந்தார். இடுக்கு வழியே தலைவரின் பளபளப்பான பூட்ஸ் தெரிந்தது.

"யாருப்பா மெக்கானிக்கு?"

"நான்தான் சார்."

"இன்னைக்கு மேல சுருட்டு யாரோடது?"

"அதுவும் நான்தான் சார்."

"அப்போ சீக்கிரம் பண்ணு. அங்க எல்லாரும் எனக்காகக் காத்திருப்பாங்க."

மோட்டார் அறைக்கு ஏறி, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி லிஃப்டை மேலே கொண்டுவந்து சேர்த்தார். நல்ல சட்டையில் கிரீஸ் ஆனது. விழாக் கூடத்துக்குள் போனை அனுமதிப்பதில்லை என்று வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். புதியவர்களுக்கான நாற்காலி, விதிப்படி, புகையை வெளியே இழுக்கும் மின்விசிறிக்கு நேர் கீழே போடப்பட்டிருந்தது. அந்த விசிறி கெட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. அதற்கான குழுவில் இன்னும் ஒருமித்த கருத்து வரவில்லை.

தலைவர் பேசினார். பொறுமையைப் பற்றி. பிறகு நீதிபதி, தலைவரின் பொறுமையைப் பற்றி. செயலாளர், லிஃப்டுக்குள் தலைவர் பதற்றப்படாமல் இருந்ததைப் பற்றி. டாக்டர் சுருட்டின் நுனியைச் சின்னக் கத்தியால் வெட்டினார். தேவதாருச் சீவலில் தீ வைத்து, சுருட்டைச் சுற்றிச் சுற்றிச் சூடு காட்டிப் பற்றவைத்தார்கள். லிஃப்ட்காரர் பயிற்சியில் சொன்னபடி விரல்களைத் தயாராக வைத்துக்கொண்டார்.

சுருட்டு தலைவரிடம் போனது. அவர் இழுத்து, வாயிலேயே வைத்திருந்து, கண்மூடி வெளியே விட்டார். ஈர மண், பழைய தோல் நாற்காலி, கடைசியில் லேசாகக் கொக்கோ என்று அறிவித்தார். கைதட்டினார்கள். அவர் இன்னும் சில முறை இழுத்து உறுதி செய்துகொண்டு செயலாளரிடம் கொடுத்தார். அங்கிருந்து நீதிபதிக்குப் போனது, அவர் அவசரப்படவில்லை. அப்போதுதான் லிஃப்ட்காரருக்கு மூத்தவர் வரிசை என்பதன் அர்த்தம் உறைத்தது. டாக்டர் நீளமாக இழுத்து வெளியே விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"காலையிலதான் ஒருத்தர்கிட்ட கண்டிப்பா சொல்லிட்டு வர்றேன், இனிமே தொட்டா செத்துடுவீங்கன்னு. பாவம், அவர் பிடிக்கிறது மட்டச் சரக்கு."

வரிசை நீளமாக இருந்தது. அத்தனை பேர் விட்ட புகையும் மேலே போய், போக வழியில்லாமல், மின்விசிறிக்குக் கீழே இருந்தவர் மேல் இறங்கியது. அவர் கண் எரிந்தது. சட்டை, தலைமுடி, காது மடல் எல்லாம் புகை. இரண்டு முறை எழுந்து, சார், ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றார். சுருட்டு எரியும்போது எழுந்து போவது சுருட்டை அவமதிப்பது என்று இரண்டு முறையும் உட்காரவைத்தார்கள்.

ஒருவழியாக அவர் முறை வந்தது. வந்தது நகத்தளவு துண்டு. லிஃப்ட்காரர் கையை நீட்டினார். செயலாளர் இடுக்கியால் அதை எடுத்து அளந்து பார்த்துவிட்டு, இதற்குக் கீழே பிடிக்கக் கூடாது, மரபு இல்லை என்றார். நல்ல சுருட்டை நசுக்கி அணைக்கவும் கூடாதாம். தானாக அணைய விட வேண்டும். துண்டைத் தட்டில் வைத்தார்கள். எல்லோரும் எழுந்து தலைகுனிந்து நின்றார்கள். அது அணைய ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு தலைவர் அந்தக் காகித வளையத்தை எடுத்து லிஃப்ட்காரர் விரலில் மாட்டிக் கைகுலுக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

போனை வாங்கிப் பார்த்தார். மனைவியின் அழைப்புகள் வரிசையாக இருந்தன. வீட்டுக்குப் போய்க் குளிக்க நேரமில்லை. லிஃப்ட் மறுபடி நின்றிருந்ததால் படியில் இறங்கி ஓடினார்.

ஆஸ்பத்திரி வாசலில் மனைவி பையோடு நின்றிருந்தாள். பக்கத்தில் அந்த நர்ஸ், கையில் துணிச் சுருள். அவரைப் பார்த்ததும் நர்ஸின் முகம் மலர்ந்தது. வாங்க அப்பா, கையைக் காட்டுங்க என்று முன்னால் வந்தார். லிஃப்ட்காரர் கையை நீட்டினார். நர்ஸ் சட்டென்று நின்றார். மூக்கை உறிஞ்சினார். குழந்தையைத் திருப்பித் தன் தோளோடு அணைத்துக்கொண்டார்.

"பிடிச்சுட்டா வந்தீங்க?"

"இல்லம்மா. நான் ஒரு இழுப்புகூட இழுக்கல."

"எல்லா அப்பாவும் இதைத்தான் சொல்றீங்க. இவ நுரையீரல் இப்போதான் வேலை கத்துக்குது. இந்தப் புகை நாத்தத்தோட தூக்கக் கூடாது."

மனைவி அவரைப் பார்த்தாள். கிரீஸ் சட்டையைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள்.

"என்னங்க அது, மோதிரம்?"

"சுருட்டோடது."

"வந்துச்சா?"

எதைக் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. "இல்ல," என்றார்.

"சரி, போய்க் குளிங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருக்கலாம் என்று இருந்தது.

நர்ஸ் ஒரு சோப்பும் நோயாளிகள் போடும் தொளதொள அங்கியும் கொடுத்தார். அவர் தலையோடு குளித்துவிட்டு அங்கியை மாட்டிக்கொண்டு வந்தார். நர்ஸ் கழுத்தருகே முகர்ந்து பார்த்து, இன்னும் போகவில்லை, கொஞ்ச நேரம் காற்றாட உட்காருங்கள் என்று நடைபாதை பெஞ்சைக் காட்டினார். மனைவியும் குழந்தையும் எதிரே இருந்த அறைக்குள் போனார்கள். அறைக் கதவில் முகத்தளவு ஒரு கண்ணாடி. மறுபடியும் கண்ணாடி. லிஃப்ட்காரர் உட்கார்ந்தார். ஈரத் தலை சில்லென்று இருந்தது, அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

போன் அடித்தது. மன்றத்துச் செயலாளர். விழா முடிந்து இவ்வளவு அவசரமாகப் போய்விட்டீர்களே என்று செல்லமாகக் கடிந்துகொண்டார். மன்றத்துச் சுவரில் எழுதிவைக்க, நிகழ்வுக்குரியவரின் உணர்வு ஒரு வரி வேண்டுமாம்.

"என்ன தோணுச்சு, சொல்லுங்க."

"ஒண்ணும் தோணல சார்."

செயலாளரின் குரல் தழுதழுத்தது.

"என்ன சொன்னீங்க? ஒண்ணுமே தோணலையா? சார், அது கடைசி நிலை சார். நம்ம தலைவருக்கே போன வருஷம்தான் அது வந்துச்சு. எதுக்கும் எதுவும் தோணாது. நான் பதினஞ்சு வருஷமா முயற்சி பண்றேன், இன்னும் அப்பப்போ ஏதாவது தோணித் தொலைக்குது. இருங்க, உங்களை இப்பவே முதல் தரத்துக்கு ஏத்திடுறோம்."

அவர் இன்னும் வாழ்த்திக்கொண்டிருந்தபோதே லிஃப்ட்காரர் போனை வைத்துவிட்டு எழுந்து கதவருகே போனார். உள்ளே மனைவி அவரைப் பார்த்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தாள். துணிக்குள்ளிருந்து மகளின் முகம் மட்டும் தெரிந்தது. இவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்ததே இல்லை. புருவம் இருந்தது. பெட்டிக்குள் இருந்தபோது புருவம் இருப்பது தெரியவில்லை.

கதவைச் சுற்றிலும் பார்த்தார். தட்டக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஒற்றை விரலால் கண்ணாடியை மெல்லத் தட்டினார். ஈரத்தில் ஊறியிருந்த காகித வளையம் கிழிந்து கீழே விழுந்தது.

குழந்தை திடுக்கிட்டது. முகம் சுருங்கியது, சிவந்தது, வாய் திறந்தது. அதுவரை அவர் எத்தனையோ முறை பார்த்ததுதான். ஆனால் இந்தக் கதவு அவ்வளவு கனமானது இல்லை. அடியில் ஒரு இடுக்கும் இருந்தது. அதன் வழியாகச் சத்தம் வந்தது. சின்னச் சத்தம் இல்லை. நடைபாதையின் கடைசியில் போய்க்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, கரகரவென்று, உரிமையோடு ஒரு அழுகை.

தன் மகளுக்குக் குரல் இருக்கிறது என்று லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, தொளதொள அங்கியோடு, போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க அவரும் அழுதார். உள்ளே மனைவி, இத்தனை நாள் நிற்காத அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

முதல் தரத்திலிருந்து இவ்வளவு சீக்கிரம் கீழே இறங்கியவர் அந்த மன்றத்தின் வரலாற்றிலேயே அவர் ஒருவர்தான்.